கரும்பும் தண்டுத் துளைப்பானும்

“கரும்பு தின்னக் கூலியா?” என்பது தமிழ்நாட்டில் ஊரறிந்த பழமொழி. ஆயினும், கரும்பையும் தின்று, அதற்குரிய கூலியையும் உழவரிடமிருந்தே பெற்றுச் செல்லும் உயிரினம் ஒன்று உண்டு. தண்டுத் துளைப்பான் என்று பொதுவாக வழங்கப்படும் புழுக் கூட்டமே அது. உழுது, கரணை நட்டு, நீர் பாய்ச்சி, உரமிட்டு வளர்த்த பயிரின் உள்ளே புகுந்து, வெளியே தெரியாமல் அமர்ந்து தின்று, விளைச்சலையும் சர்க்கரைச் சத்தையும் ஒருசேரக் குறைத்துவிடுகிறது. நம் நாட்டில் கரும்பு உழவர்களும் அவர்களைச் சார்ந்து வாழ்வோருமாகச் சுமார் 5 கோடி மக்கள் இருப்பதாக அரசு அறிக்கைகள் கூறுகின்றன. ஆதலால், இச்சிறு புழு தின்னும் கரும்பு ஒரு தனி மனிதரின் நட்டத்தோடு நின்றுவிடுவதில்லை.

கரும்பைத் துளைக்கும் புழுக்கள் ஒரே இனத்தவை அல்ல. தென்னாட்டு உழவர்கள் மூன்று புழுக்களை நன்கு அறிவர். முதலாவது, இளங்குருத்துப் புழு. நட்ட பயிர் முளைத்து மூன்று, நான்கு மாதம் வரையுள்ள இளம் பருவத்தில், அதிலும் வெயில் மிகுந்து நிலம் வறண்டிருக்கும் நாள்களில், இது பெருகுகிறது. தாய் அந்துப்பூச்சி இலையின் அடிப்புறத்தில் மீன் செதில்களை அடுக்கினாற்போல முட்டைகளை இடுகிறது. வெளிவரும் புழு தண்டின் அடிப்பகுதிக்கு இறங்கி, உள்ளே துளைத்துச் சென்று, வளரும் நடுக்குருத்தை அறுத்துவிடுகிறது. குருத்துக் காய்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் எளிதில் கையோடு வரும். முகர்ந்தால் அழுகல் நாற்றம் வீசும்.

இரண்டாவது, இடைக்கணுப் புழு. இது பயிர் கணு விட்டு உயரத் தொடங்கிய பின்னர், ஏறத்தாழ நான்காம் மாதத்திலிருந்து அறுவடை வரை தாக்குகிறது. கணுவை அடுத்துத் துளையிட்டு உட்புகுந்து, கழிவுப் பொருளால் துளையை அடைத்துக்கொள்கிறது. கணுவிடைகள் குறுகி, உட்பகுதி சிவந்துவிடும். பயிர் பெரும்பாலும் இறப்பதில்லை. ஆனால் எடை குறைகிறது. சாற்றின் தரமும் கெடுகிறது.

மூன்றாவது, நுனிக்குருத்துப் புழு. இதன் தாய்ப்பூச்சி தூய வெண்ணிறம் உடையது. முட்டைக் குவியலை மங்கிய மஞ்சள் நிற மயிரால் போர்த்தி வைக்கும். புழு, இலையின் நடுநரம்பு வழியாகச் சுரங்கம் தோண்டிக் குருத்தை அடையும். விரியும் இலைகளில் வரிசையாகச் சிறு துளைகள் தோன்றுவதும், நுனியில் பக்கக் கிளைகள் கொத்தாக வெடிப்பதும் இதன் அடையாளங்கள். தமிழ்நாட்டிலும் இது உண்டெனினும், வட இந்தியாவின் கரும்பு வயல்களில்தான் இதன் ஆட்சி மிகுதி. அங்கே ஓராண்டில் பல தலைமுறைகள் தோன்றுகின்றன. அவற்றுள் சூன், சூலை மாதங்களில் தோன்றும் மூன்றாம் தலைமுறையே பெருஞ்சேதம் விளைவிப்பது.

மூன்று புழுக்களும் வேறு வேறு பருவத்தில், வேறு வேறு வாயில் வழியாக நுழைகின்றன. ஆனால் உள்ளே சென்ற பின்னர் மூன்றுக்கும் ஒரே பாதுகாப்புக் கிடைக்கிறது. கரும்பின் தண்டே அவற்றிற்குக் கோட்டையாகிவிடுகிறது. முட்டை பொரிந்து வெளிவந்த புழு வெளியே ஊர்ந்து திரியும் காலம் மிகச் சிறிது. அக்காலம் கடந்துவிட்டால், மேலே தெளிக்கும் மருந்து அதனைத் தொடுவதில்லை. பயிரோ ஆளுயரத்தைக் கடந்து அடர்ந்து நிற்கும். அதனுள் புகுந்து மருந்தடிப்பதும் எளிதன்று. இதனாலேயே, புழுவைத் தானே சமாளித்துக்கொள்ளும் கரும்பு ஒன்று கிடைக்காதா என்ற எண்ணம் அறிஞர்களுக்கு நெடுங்காலமாக இருந்து வருகிறது.

அத்தகைய கரும்பைக் குறிக்க நாம் ‘எதிர்ப்புத் திறன் கொண்ட இரகம்’ என்று எழுதி வருகிறோம். ஆங்கிலத்தில் வரும் வேளாண்மைக் குறிப்புகளைத் தமிழாக்கும் பணியில் இருப்போர் இச்சொல்லை நாள்தோறும் எழுதுகிறோம். சொல் பிழையானதன்று. ஆனால் அது படிப்பவர் மனத்தில் எழுப்பும் உருவம் எது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எதிர்ப்பு என்றவுடன், வாயிலில் வாளேந்தி நிற்கும் காவலன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். பகைவன் உள்ளே வரவே மாட்டான் என்று வீட்டார் கதவைத் திறந்து வைத்து உறங்கிவிடுகின்றனர். ‘எதிர்ப்பு இரகம் நட்டாயிற்று’ என்று நம்பிய உழவர், தோகை பரப்புவதையும், மண் அணைப்பதையும், வயலைச் சுற்றிப் பார்ப்பதையும் விட்டுவிடக்கூடும். ஆகவே, இச்சொல்லுக்கு அறிவியலில் உள்ள பொருள் யாது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது நலம்.

பயிர்கள் பூச்சிகளைச் சமாளிக்கும் முறைகளை வகைப்படுத்திக் காட்டியவர் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரெஜினால்டு பெயின்ட்டர் என்னும் பூச்சியியல் அறிஞர். 1951ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அவர் மூன்று முறைகளைக் குறிப்பிட்டார். அவற்றைத் தமிழில் விரும்பாமை, ஒவ்வாமை, தாங்குதிறன் என்று கூறலாம். முட்டையிட வரும் தாய்ப்பூச்சி அப்பயிரை நாடாமல் வேறிடம் செல்வது விரும்பாமை. வந்து தின்ற புழு சரிவர வளராமல் மெலிவதும் மடிவதும் ஒவ்வாமை. புழு வந்து, தின்று, வளர்ந்தபோதிலும், பயிர் தன் இழப்பை ஈடுசெய்துகொண்டு விளைச்சல் தருவது தாங்குதிறன்.

இம்மூன்றையும் கரும்பில் காணலாம். இலையின் அமைப்பும் இலையுறை தண்டைத் தழுவி நிற்கும் பாங்கும் முட்டையிடுவதையும் இளம்புழு ஒளிந்து வாழ்வதையும் பாதிக்கின்றன. இளம்புழு தண்டைத் துளைக்கும் முன்னர் சில நாள்கள் இலையுறையின் உட்புறத்தைச் சுரண்டித் தின்பதுண்டு. அவ்விடம் இறுக்கமாக இருப்பின், புழுவுக்கு ஒதுங்க இடமில்லை. சிலந்தி, எறும்பு முதலிய எதிரிகளின் கண்ணில் பட்டு மடிகிறது. இது முதல் வாயில்.

இரண்டாம் வாயில் கரும்பின் மேல்தோல். தோல் கடினமாகவும், நார் மிகுந்தும் இருப்பின், அரிசி மணியினும் சிறிய இளம்புழுவின் தாடைகள் அதனைத் துளைக்க நெடுநேரம் எடுத்துக்கொள்கின்றன. கரும்பு புல்லினத்தைச் சேர்ந்தது. நெல்லைப் போலவே அதுவும் மண்ணிலிருந்து சிலிக்கான் என்னும் மணற்சத்தை உறிஞ்சி, தன் தோலில் படிய வைத்துக்கொள்கிறது. அப்படிவு புழுவின் தாடைகளைத் தேய்க்கும் அரம் போன்றது.

மூன்றாவதான தாங்குதிறனை இளங்குருத்துப் புழுவின் தாக்குதலில் காணலாம். ஒரு கரணையிலிருந்து பத்துத் தூர்கள் வெடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை அனைத்தும் ஆலைக்குச் செல்லும் கரும்பாக வளர்வதில்லை. ஒளிக்கும் உணவுக்கும் நிகழும் போட்டியில் பல தாமாகவே மடிந்துவிடும். புழு இரண்டு தூர்களைத் தொடக்கத்திலேயே கொன்றாலும், நன்கு தூர் வெடிக்கும் இரகம் எஞ்சியவற்றைக் கொண்டு இழப்பை நிரப்பிவிடும். தூர் குறைவாக வெடிக்கும் இரகத்தில் அதே இரண்டு தூர்கள் போனால், அவ்விடம் வெற்றிடமாகவே நின்றுவிடும். வயலில் காய்ந்த குருத்தை எண்ணினால் இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றே. அறுவடையன்று எடையிட்டால் இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் இத்தாங்குதிறன் இடைக்கணுப் புழுவின் முன்னிலையில் பயன் தருவதில்லை. முதிர்ந்த கரும்பு இழந்த கணுவை மீண்டும் உண்டாக்க முடியாது. அங்கே தோலின் கடினமும் இலையுறையின் அமைப்புமே துணை நிற்க வேண்டும். ஒரு புழுவுக்கு ஏற்ற அரண் மற்றொரு புழுவுக்கு அரணாகாது என்பதை இதிலிருந்து உணரலாம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளைப் பார்த்தால் இவ்வுண்மை நன்கு விளங்கும். இளங்குருத்துப் புழுவைத் தாங்கும் இரகங்களாகக் கோ 312, கோ 421, கோ 661, கோ 853, கோ 917 ஆகியவை கூறப்பட்டுள்ளன. இடைக்கணுப் புழுவுக்குக் கோ 975, கோ 7304 முதலியவை. நுனிக்குருத்துப் புழுவுக்குக் கோ 419, கோ 745, கோ 859, கோ 1158 முதலியவை. ஒரு பட்டியலில் உள்ள எண் மற்றொரு பட்டியலில் இல்லை. மேலும், இவற்றுள் பல இன்று பெருவாரியாகப் பயிரிடப்படுவனவும் அல்ல. அதிக விளைச்சலும் சர்க்கரையும் தரும் புதிய இரகங்களுக்கு இடம் விட்டு அவை விலகிவிட்டன.

இவ்வெண்களின் முன்னே நிற்கும் ‘கோ’ என்னும் எழுத்து, கோயம்புத்தூரைக் குறிப்பது. நாட்டின் பல பகுதிகளில் கரும்பு பூத்து விதை கொள்வது அரிது. கோயம்புத்தூரின் தட்பவெப்ப நிலையிலோ அது நன்கு பூக்கிறது. ஆகவே, 1912ஆம் ஆண்டு அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் சி. ஏ. பார்பர். அவரைத் தொடர்ந்து பணியாற்றியவர் சர் டி. எஸ். வெங்கட்ராமன். வெள்ளை என்ற பெயருடைய இனிய பருத்த கரும்பையும், கோயம்புத்தூர்ப் பக்கத்தில் தானாக வளரும் காட்டுக் கரும்பையும் இணைத்துப் பெற்ற கோ 205 என்னும் இரகம் 1918ஆம் ஆண்டு பஞ்சாபுக்கென வெளியிடப்பட்டது. அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தனர் என்று சங்க இலக்கியம் கூறுகிறது. தமிழகத்திலிருந்து வடநாட்டுக்குக் கரும்பு சென்ற வரலாறு இது.

அக்காட்டுக் கரும்பு தில்லிவாசிகளுக்குப் புதியதன்று. மழைக்காலம் முடியும் தறுவாயில் யமுனைக் கரையெங்கும் வெண்சாமரம் வீசினாற்போலப் பூத்து நிற்கும் ‘காஸ்’ என்னும் புல் அவ்வினத்தைச் சேர்ந்ததே. தண்டு மெல்லியது, நார் மிகுந்தது, இனிப்பு மிகக் குறைவு. மனிதன் அதனைச் சுவைக்க விரும்பமாட்டான். துளைப்பானுக்கும் அது கொழுத்த விருந்தன்று. வறட்சி, வெள்ளம், நோய் ஆகியவற்றைத் தாங்கிப் பிழைக்கும் உரம் அதனிடம் உண்டு. இனிய கரும்பின் சுவையையும் காட்டுக் கரும்பின் உரத்தையும் ஒரே தண்டில் சேர்ப்பதே கோயம்புத்தூரின் முயற்சி.

இங்கேதான் அடிப்படைச் சிக்கல் ஒன்று எழுகிறது. நாம் கரும்பில் எதனை வேண்டுகிறோமோ அதனையே துளைப்பானும் வேண்டுகிறது. பருத்த தண்டு, மென்மையான உட்பகுதி, நிறைந்த சாறு, குறைந்த நார் ஆகியவை ஆலைக்கு உகந்தவை, புழுவுக்கும் உகந்தவை. நார் மிகுந்த கடினமான கரும்பு புழுவைத் தடுக்கலாம். ஆனால் அதனைப் பிழிய ஆலை மிகுந்த ஆற்றலைச் செலவிட வேண்டும். சக்கையோடு சர்க்கரையும் கழிந்துபோகும். ஆகவே, இரகத்தைத் தெரிந்தெடுப்போர் ஒவ்வொரு தலைமுறையிலும் இனிப்பின் பக்கம் ஓரடி எடுத்து வைக்கும்போது, அரணில் ஒரு கல் பெயர்கிறதா என்று பார்க்க வேண்டியவராகின்றனர். இக்காலக் கரும்பில் நூற்றுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் உள்ளன. துளைப்பானைத் தாங்கும் பண்பு அவற்றுள் ஏதோ ஓரிடத்தில் இருக்கும் ஒரு மரபணுவைச் சார்ந்ததன்று. பல மரபணுக்கள் சேர்ந்து சிறிது சிறிதாகத் தருவது. எனவே அதனை ஒரு கலப்பில் எளிதாகப் பிடித்துக்கொள்ள இயலாது.

புதிய இரகங்களை ஆய்வு வயல்களில் எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பதையும் அறிதல் வேண்டும். இளங்குருத்துப் புழுவாயின், மொத்தத் தூர்களை எண்ணி, அவற்றுள் குருத்துக் காய்ந்தவை எத்தனை என்று கணக்கிடுகின்றனர். நூற்றுக்கு 15 வரை இருப்பின் ‘குறைவாகப் பாதிக்கப்படுவது’. 15க்கு மேல் 30 வரை ‘நடுத்தரமாகப் பாதிக்கப்படுவது’. 30க்கு மேல் ‘மிகுதியாகப் பாதிக்கப்படுவது’. நுனிக்குருத்துப் புழுவுக்கு இவ்வெல்லைகள் 10, 20 என்றும், இடைக்கணுப் புழுவுக்கு 20, 40 என்றும் வகுக்கப்பட்டுள்ளன. இவ்வகைப்பாட்டில் மிகச் சிறந்த இடத்தைப் பெற்ற இரகத்தைக்கூட ஆய்வாளர்கள் ‘பாதிக்கப்படாதது’ என்று அழைப்பதில்லை. ‘குறைவாகப் பாதிக்கப்படுவது’ என்றே அழைக்கின்றனர். அறிஞர்கள் அளந்து எழுதிய அந்த அடக்கமான சொல், விற்பனையாளரின் வாயிலும் விளம்பரத் தாளிலும் வரும்போது ‘எதிர்ப்பு’ என்று ஓங்கி ஒலிக்கிறது. நூற்றில் 15 தூர் காய்ந்த வயலும் அந்த முதல் வகையைச் சேர்ந்ததே என்பது உழவருக்குச் சொல்லப்படுவதில்லை.

அண்மைக் கால வரலாறு இதற்கு நல்ல பாடம் ஒன்றைத் தந்துள்ளது. தில்லியில், சரோஜினி நகர்ச் சந்தையிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் பொங்கலன்று தமிழ்க் குடும்பங்கள் வாங்கும் கரும்பு பெரும்பாலும் அண்டையிலுள்ள மேற்கு உத்தரப் பிரதேசத்து வயல்களிலிருந்து வருவது. அவ்வயல்களைக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஒரே இரகம் ஆண்டது. அதுவே கோ 0238. கோயம்புத்தூர் நிலையத்தின் கிளையாக 1932ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கர்னால் மையத்தில், பக்ஷி ராம் என்னும் அறிஞர் முன்னின்று உருவாக்கிய இரகம் இது. 2009ஆம் ஆண்டு வட இந்தியாவுக்கென வெளியிடப்பட்டது. விளைச்சல், சர்க்கரை ஆகிய இரண்டும் ஒருங்கே உயர்ந்ததால், உழவரும் ஆலையும் அதனை வரவேற்றனர். சில ஆண்டுகளுக்குள் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அதுவே நின்றது.

நன்மை பெரிது என்பதில் ஐயமில்லை. வடநாட்டு ஆலைகளின் சர்க்கரைக் கட்டுமானம் உயர்ந்தது; உழவர்களின் கையில் பணம் புழங்கியது. ஆனால் கோ 0238 நுனிக்குருத்துப் புழுவுக்கு இடந்தரும் இயல்புடையது. காதக் கணக்கில் ஒரே இரகம் விரிந்து கிடக்கும்போது, தாய்ப்பூச்சிக்குத் தேடல் என்பதே இல்லாமற் போகிறது. எத்திசையில் பறந்தாலும் உகந்த பயிரே எதிர்ப்படுகிறது. புழுவோடு செவ்வழுகல் நோயும் சேர்ந்துகொண்டது. தொடக்கத்தில் அந்நோயைத் தாங்கிய இந்த இரகம், பூஞ்சையின் புதிய வகை தோன்றியபின் தாங்க இயலாமல் சாய்ந்தது. கோ 0118, கோ 15023 போன்ற வேறு இரகங்களுக்கு மாறுமாறு உழவர்கள் அறிவுறுத்தப்பட்டனர். இரகம் ஒன்று தோற்றதைவிட, அதனையன்றி வேறொன்றும் வயலில் இல்லாமற் போனதே துன்பத்தைப் பெருக்கியது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய அனுபவமன்று. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1993ஆம் ஆண்டு இரண்டு கரும்பு இரகங்கள் வெளிவந்தன. எச்ஓசிபி 85-845 என்பது அந்நாட்டுத் துளைப்பானை நன்கு தாங்குவது. எல்சிபி 85-384 என்பது துளைப்பானுக்கு இடந்தருவது. ஆனால் விளைச்சல் மிக அதிகம். உழவர்கள் எதனைத் தேர்ந்தனர் என்று கூறவும் வேண்டுமோ? இரண்டாவதே அம்மாநிலக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பரவியது. பின்னர் துரு நோய் முற்றி, அதுவும் இறங்குமுகம் கண்டது. தனி உழவரை இதில் குறை கூறுவதற்கில்லை. அவர் தம் வயலின் கணக்கைப் பார்க்கிறார். ஆனால் ஒருவர் வயலில் தடையின்றி வளர்ந்த புழு அந்தாகி அண்டை வயலுக்குப் பறந்து செல்கிறது. அந்தக் கணக்கை எழுத ஒருவர் வயலின் வரப்பு போதாது.

தென்னாப்பிரிக்காவின் அனுபவம் வேறொரு வகையில் நமக்கு உதவும். 1860ஆம் ஆண்டு முதல் தமிழ்த் தொழிலாளர் பலர் கப்பலேறிச் சென்று பாடுபட்ட நேட்டால் கரும்புத் தோட்டங்களில், எல்டானா என்னும் துளைப்பான் பெரும்பகையாக இருந்து வருகிறது. அது வெளிநாட்டிலிருந்து வந்ததன்று. ஆப்பிரிக்க நீர்நிலைகளில் வளரும் கோரைகளில் வாழ்ந்த உள்ளூர்ப் பூச்சி. பின்னர் கரும்புக்கு மாறியது. அங்குள்ள அறிஞர்கள் மண்ணில் கால்சியம் சிலிக்கேட்டை இட்டு ஆய்ந்தனர். கரும்பின் தண்டில் மணற்சத்துக் கூடியது. புழுவின் சேதம் குறைந்தது. எளிதில் பாதிக்கப்படும் இரகங்களில், நீர்ப்பற்றாக்குறை நேரும் காலத்தில், இப்பயன் மிகுதியாகத் தெரிந்தது. தாங்கும் திறன் விதைக் கரணையில் மட்டும் இல்லை, மண்ணிலும் நீரிலும் உள்ளது என்பது இதனால் தெளிவாகிறது. நம் வயல்களிலும் அளவுக்கு மீறித் தழைச்சத்து இட்டு, நீர் தேங்கவிட்டு, கரும்பு சாய்ந்து கிடந்தால், எந்த இரகமாயினும் இடைக்கணுப் புழுவுக்கு எளிதில் இரையாகும்.

மரபணு மாற்றத்தால் இச்சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடாதா என்று சிலர் வினவுவர். பிரேசில் நாட்டில், மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியத்தின் மரபணுவைக் கரும்பில் சேர்த்து, துளைப்பானைக் கொல்லும் புரதத்தைப் பயிரே உண்டாக்குமாறு செய்துள்ளனர். அந்நாட்டு அரசின் குழு 2017ஆம் ஆண்டு அதற்கு ஒப்புதல் அளித்தது. இந்தியாவில் இதுவரை இத்தகைய கரும்பு சாகுபடிக்கு வரவில்லை. இம்முறையிலும், புரதத்தைத் தாங்கிப் பிழைக்கும் புழுக்கள் காலப்போக்கில் பெருகாமல் காக்க, வயலின் ஒரு பகுதியில் மாற்றப்படாத கரும்பையும் வளர்க்க வேண்டியிருக்கிறது. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இத்தகைய நஞ்சைத் தாங்கப் பழகிக்கொண்டதை நம் நாட்டு உழவர்கள் நேரில் கண்டுள்ளனர். எத்தனை வலிய பூட்டாயினும், அதற்கொரு திறவுகோலைப் புழுக்கூட்டம் தேடிக்கொண்டே இருக்கும்.

அப்படியாயின், இரகத் தேர்வு பயனற்றதோ எனின், அன்று. அது முதல் அரண். ஆனால் ஒரே அரண் அன்று. அதனோடு சேர்ந்து நிற்க வேண்டியவை வேறு சில உண்டு. தமிழ்நாட்டில் மார்கழி, தை மாதங்களை ஒட்டி முன்பட்டமாக நட்டால், பயிர் வெயிற்காலம் வருமுன் வலுப்பெற்று, இளங்குருத்துப் புழுவிடமிருந்து பெரிதும் தப்புகிறது. நட்ட சில நாள்களில் பார்களின்மீது காய்ந்த தோகையைப் பரப்பினால் மண் குளிர்ந்திருக்கும். புழுவுக்கு உகந்த வெப்பமும் வறட்சியும் குறையும். ஒரு மாதப் பயிருக்கு இலேசாக மண் அணைத்தால், புழு நுழையும் அடிப்பகுதி மூடப்படும். ஐந்தாம் மாதத்திலும் ஏழாம் மாதத்திலும் தோகை உரித்தால், இடைக்கணுப் புழுவின் ஒளிவிடம் அகலும்.

இவற்றோடு உயிருள்ள துணைவர்களும் உளர். ட்ரைக்கோகிராமா என்பது கடுகினும் சிறிய குளவி. துளைப்பானின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு, புழு தோன்றுமுன்னரே அழித்துவிடும். ஆய்வுக்கூடங்களில் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளில் இதனை வளர்த்து, அட்டையில் ஒட்டித் தருகின்றனர். நான்காம் மாதத்திலிருந்து பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை இவ்வட்டைகளை வயலில் கட்டி வந்தால், இடைக்கணுப் புழு கட்டுப்படும். நுனிக்குருத்துப் புழுவைத் தாக்குவதற்கு ஐசோடிமா என்னும் மற்றொரு குளவி உண்டு. இவ்வொட்டுண்ணிகளுக்கும் இரகத்திற்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. தோல் கடினமான கரும்பில் புழு உட்புக நெடுநேரம் எடுத்துக்கொள்ளுமாயின், வெளியே இருக்கும் அந்நேரத்தில் எதிரிகளிடம் அகப்படும் வாய்ப்பும் கூடுகிறது. இரகம் புழுவைத் தாமதப்படுத்துகிறது. துணைவர்கள் அதனை முடிக்கின்றனர். அளவின்றி நஞ்சு தெளித்துத் துணைவர்களைக் கொன்றுவிட்டால், இரகத்தின் அரணும் பாதியாகக் குறைந்துவிடும்.

இன்னும் நெடுநோக்கில் பார்த்தால், பழைய இரகங்களையும் காட்டு இனங்களையும் காப்பது நம் கடமை. கேரளத்தில் கண்ணூரில் உள்ள கோயம்புத்தூர் நிலையத்தின் மையம், உலகின் மிகப் பெரிய கரும்பு இனத் தொகுப்புகளுள் ஒன்றைப் பேணி வருகிறது. நாளை எந்தப் புழு எந்த வடிவில் வருமென்று எவரும் அறியார். அதனைத் தாங்கும் பண்பு, இன்று எவரும் விரும்பிச் சுவைக்காத ஒரு மெல்லிய தண்டில் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

இவையனைத்தையும் எண்ணிப் பார்த்து, ‘எதிர்ப்புத் திறன்’ என்னும் சொல்லை நாம் கைவிட வேண்டும் என்று கூறவில்லை. அது நிலைபெற்ற சொல், வழக்கில் இருக்கட்டும். ஆனால் அதனைக் கேட்கும் உழவர் மூன்று வினாக்களை உடனே எழுப்பும் வழக்கம் வர வேண்டும். எந்தப் புழுவை எதிர்ப்பது? எந்த வட்டாரத்தில், எந்தப் பட்டத்தில் சோதிக்கப்பட்டது? நூற்றுக்கு எத்தனை தூர் காயும் அளவுக்கு எதிர்ப்பது? இவ்வினாக்களுக்கு விடை கூறாத துண்டுப் பிரசுரம், எத்தனை அழகிய தமிழில் எழுதப்பட்டிருப்பினும், உழவருக்குப் பாதிச் செய்தியையே தருகிறது. விடை கூறும் பிரசுரமோ, எஞ்சிய பாதுகாப்பு உழவரின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கூறிவிடுகிறது. வாரம் ஒருமுறை வரப்பில் நடந்து, காய்ந்த குருத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் உழவரின் வயலில்தான், நல்ல இரகம் தன் முழுப் பயனையும் தரும்.